"ஒண்ணும் இல்ல, லேசான அடிதான்": தலைக்காயத்தில் நம்மை ஏமாற்றும் அந்தச் சில மணி நேரம்

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்துவிட்டு பைக்கில் ஓரிக்கைக்கு வந்துகொண்டிருக்கும் ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டரை மணி. "ஊருக்குள்ள வந்தாச்சே" என்று ஹெல்மெட்டைக் கழற்றி பெட்ரோல் டேங்க் மேல் வைத்திருக்கிறார். தெருமுனையில் வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை. வண்டி தூக்கிப் போடுகிறது. விழுந்த வேகத்தில் காதுக்கு மேலே, தலையின் பக்கவாட்டில் தரை இடிக்கிறது. சில நொடிகள் கண் இருட்டுகிறது. பிறகு எழுந்துவிடுகிறார். பக்கத்து டீக்கடையில் தண்ணீர் வாங்கி முகம் கழுவிக்கொண்டு, அதே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிடுகிறார்.

"என்னடா, காது பக்கத்துல வீங்கியிருக்கு?"

"லேசா இடிச்சுக்கிட்டேன்மா. ஒண்ணும் இல்ல. தலைதான் கொஞ்சம் வலிக்குது."

"சரி, ரெண்டு இட்லி சாப்ட்டுட்டுப் படு. காலையில சரியாப் போயிடும்."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இந்த உரையாடல் நடக்காத வீடு நம் ஊரில் குறைவு. பெரும்பாலான நேரம் அம்மா சொன்னபடியே காலையில் சரியாகியும் போகிறது. அதனால்தான் சரியாகாமல் போகும் அந்த ஒரு முறையை நாம் எதிர்பார்ப்பதே இல்லை. தலையில் அடிபட்டவர் எழுந்து நடப்பதும், பேசுவதும், சாப்பிடுவதும் "ஆபத்து இல்லை" என்பதற்குச் சான்று ஆகாது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் சில மணி நேரம் முழுத் தெளிவோடு இருக்க முடியும்.

"இன்னும் மூணு பந்துதானே?"

1998 பிப்ரவரி 20. டாக்கா பங்கபந்து மைதானத்தில் கிளப் அணிகளுக்கு இடையே போட்டி. இந்தியாவுக்காக 4 டெஸ்ட், 32 ஒருநாள் போட்டிகளில் ஆடிய ரமன் லாம்பா, அபஹானி அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். பேட்ஸ்மேனுக்கு மிக அருகே, ஃபார்வர்டு ஷார்ட் லெக்கில் பீல்டிங் நிற்க வந்தார். ஹெல்மெட் வேண்டாமா என்று கேப்டன் கேட்டார். ஓவரில் மூன்று பந்துகள்தான் மீதம் இருந்தன, பரவாயில்லை என்று லாம்பா மறுத்துவிட்டார்.

பேட்ஸ்மேன் ஓங்கி அடித்த பந்து நேராக லாம்பாவின் தலையில் பட்டுத் தெறித்தது. தெறித்த பந்தை விக்கெட் கீப்பர் கேட்ச் பிடிக்கும் அளவுக்கு வேகம். லாம்பா கீழே விழுந்தார், எழுந்தார், நடந்தே டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போனார். பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உடல்நிலை மோசமாகி நினைவிழந்தார். அவசர அறுவை சிகிச்சை செய்தும் பலனில்லை. பிப்ரவரி 23 அன்று உயிரிழந்தார். வயது 38.

பதினொரு வருடம் கழித்து, 2009 மார்ச் 16 அன்று, கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியில் விழுந்தார் ஹாலிவுட் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன். வெளியே காயம் எதுவும் தெரியவில்லை. சிரித்துப் பேசினார். மருத்துவ உதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத் தலைவலி தொடங்கியது. இரண்டு நாளில், மார்ச் 18 அன்று, இறந்துபோனார். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் தேங்கியதே காரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது.

மண்டைக்குள் என்னதான் நடக்கிறது?

மூளையின் எடை சுமார் 1.3 முதல் 1.4 கிலோ. தண்ணீர் போன்ற ஒரு திரவத்தில் மிதந்தபடி, மண்டையோடு என்ற கெட்டியான பெட்டிக்குள் இருக்கிறது. கையில் அடிபட்டால் வீக்கம் வெளியே பரவ இடம் இருக்கிறது. மண்டையோட்டுக்குள் அப்படி இடமே கிடையாது. உள்ளே ரத்தம் சேரச் சேர, மூளைதான் நசுங்கியாக வேண்டும்.

காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கம் மண்டையோடு மெல்லியதாக இருக்கும். அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அந்த இடத்தில் எலும்பு விரிசல் விட்டால் தமனி கிழிய வாய்ப்பு உண்டு. அப்படிக் கசியும் ரத்தம் எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவில் கட்டியாகச் சேர்வதைத்தான் 'எபிடியூரல் ஹீமடோமா' என்கிறார்கள்.

தொடக்கத்தில் ரத்தக்கட்டு சிறியது. மூளையைச் சுற்றியுள்ள திரவம் கொஞ்சம் விலகி இடம் கொடுத்துச் சமாளிக்கிறது. அதனால் ஆள் தெளிவாக இருக்கிறார். வாட்ஸ்அப் பார்க்கிறார், ஜோக் அடிக்கிறார். ஆனால் சமாளிக்க ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டியதும் உள் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். தலைவலி கூடும், வாந்தி வரும், தூக்கம் தள்ளும். பிறகு நினைவு தப்பும். கடைசியில் மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டே அழுந்திவிடும்.

நடுவில் கிடைக்கும் இந்தத் தெளிவான நேரத்தை மருத்துவர்கள் 'தெளிவு இடைவெளி' என்கிறார்கள். சிலருக்குச் சில நிமிடங்கள், சிலருக்குச் சில மணி நேரம் நீடிக்கும். எல்லோருக்கும் வருவதும் இல்லை. ஆனால் வந்துவிட்டால், உயிரைக் காப்பாற்ற நமக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். அந்த நேரத்தில்தான் நாம் "படுத்துத் தூங்கு" என்கிறோம்.

இதில் வருத்தமான விஷயம் என்னவென்றால், இது குணப்படுத்தக்கூடியது. சி.டி. ஸ்கேன் எடுக்கச் சில நிமிடங்கள் போதும். நினைவு தப்பும் முன்பே அறுவை சிகிச்சை செய்து ரத்தக்கட்டை எடுத்துவிட்டால், பெரும்பாலானவர்கள் பிழைத்து வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்புகிறார்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கியது 1950-ல். சிகிச்சை நம் மாநிலத்துக்கு வந்து எழுபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அதை நோக்கிக் கிளம்பத்தான் நாம் தாமதிக்கிறோம்.

ரத்தம் வெளியே வந்தால் ஆபத்து இல்லையா?

"ரத்தம் வெளிய வந்துடுச்சு, உள்ள கட்டாது" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இது தவறு. தலைத்தோலில் ரத்தக்குழாய்கள் அதிகம் என்பதால், சின்ன வெட்டுக்கே ரத்தம் கொட்டும். அதற்கும் மண்டைக்குள் நடப்பதற்கும் சம்பந்தம் இல்லை. வெளியே ஒரு துளி ரத்தம் இல்லாமல் உள்ளே கட்டலாம். வெளியே கொட்டிக்கொண்டே உள்ளேயும் கட்டலாம்.

காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ ரத்தம் அல்லது தண்ணீர் மாதிரி திரவம் வடிந்தால், அது மண்டையோட்டின் அடிப்பகுதி விரிந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அங்கே பஞ்சை வைத்து அடைக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

தாத்தாவுக்கு மூன்று வாரம் கழித்து

இளைஞர்களுக்கு மணிக்கணக்கில் நடப்பது, பெரியவர்களுக்கு வாரக்கணக்கில் நடக்கலாம்.

வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குகிறது. மூளையின் மேற்பரப்பையும் உறையையும் இணைக்கும் மெல்லிய சிரைகள் இழுபட்ட நிலையில் இருக்கின்றன. லேசான இடியே அவற்றில் ஒன்றைக் கிழித்துவிடும். தமனி மாதிரி பீய்ச்சாது. சொட்டுச் சொட்டாகக் கசியும். உள்ளே கொஞ்சம் இடம் இருப்பதால் இரண்டு மூன்று வாரம் எதுவுமே தெரியாது.

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறி வீடு ஒன்றை யோசித்துப் பாருங்கள். குழித்தறியிலிருந்து எழும்போது தறிக் கட்டையில் தலையை இடித்துக்கொண்டார் ஒரு பெரியவர். மறுநாளே மறந்தும் போனார். மூன்று வாரம் கழித்து நாடா கைநழுவுகிறது. அறுந்த இழையைச் சேர்க்கத் தடுமாறுகிறார். கால் பின்னுகிறது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். வீட்டில் என்ன சொல்வார்கள்? "வயசாயிடுச்சு, கண்ணு சரியாத் தெரியல." அந்த இடிக்கும் இந்தத் தடுமாற்றத்துக்கும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

இதற்கு 'நாள்பட்ட சப்டியூரல் ஹீமடோமா' என்று பெயர். ஞாபக மறதி நோய் என்றோ லேசான பக்கவாதம் என்றோ எளிதில் தவறாக நினைக்க வைக்கும். ஆனால் ஸ்கேனில் தெரிந்துவிடும். பலருக்கு மண்டையோட்டில் சிறு துளையிட்டு ரத்தத்தை வடித்தாலே நல்ல மாற்றம் தெரியும். இதய நோய்க்காகவோ பக்கவாதத்துக்காகவோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், தினமும் குடிப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். அப்படிப்பட்டவர் பாத்ரூமில் வழுக்கித் தலையில் அடிபட்டால், நன்றாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஸ்கேன் நார்மல், ஆனால் ஆள் நார்மலாக இல்லையே?

சில சமயம் ரத்தக்கசிவே இருக்காது. மூளை உள்ளே குலுங்கியதால் அதன் வேலை மட்டும் கொஞ்ச நாள் தடம் மாறும். இதுதான் 'கன்கஷன்', தமிழில் மூளை அதிர்ச்சி. சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாகவே வரும். ஆனால் தலைவலி, தலைச்சுற்றல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் போவது, தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, வேலையில் கவனம் நிற்காதது எல்லாம் இருக்கும். ஆபீஸில் "ரிப்போர்ட் நார்மல்தானே, ஏன் லீவ்?" என்று கேட்பார்கள். அந்தக் கஷ்டம் பொய் இல்லை.

பெரியவர்களில் பலருக்கு ஓரிரு வாரங்களில் சரியாகும். குழந்தைகளுக்கு நான்கு வாரம் வரை ஆகலாம். முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு, திரை நேரத்தைக் குறைப்பது, பிறகு படிப்படியாக வேலைக்குத் திரும்புவது என்பதே வழி. முக்கியமாக, முழுசாகத் தேறுவதற்குள் இன்னொரு அடி படக் கூடாது.

கிரிக்கெட் உலகம் இதை 2019-ல்தான் ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல், தலையில் அடிபட்ட வீரருக்குப் பதிலாக மாற்று வீரரை இறக்க ஐ.சி.சி. அனுமதித்தது. 2020 டிசம்பர் 4, கான்பெராவில் நடந்த டி20 போட்டியை நம்மூர் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சேலத்து நடராஜனுக்கு அது முதல் சர்வதேச டி20. மிட்செல் ஸ்டார்க் பந்து ஹெல்மெட்டில் பட்ட பிறகும் ஜடேஜா தொடர்ந்து ஆடினார். ஆனால் பீல்டிங்குக்கு அவர் வரவில்லை. பதிலாக இறங்கிய சஹல் 3 விக்கெட் எடுத்தார். நன்றாக ஆடிக்கொண்டிருப்பவரையும் உட்கார வைக்கச் சொல்கிறது அந்த விதி. தெரு கிரிக்கெட்டில் நம் பசங்களுக்கும் இதே விதிதான் பொருந்தும்.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்?

தலையில் அடிபட்டவருக்குக் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

- சில நொடிகளாவது நினைவு தப்பியது, அல்லது அடிபட்ட நேரம் நடந்தது ஞாபகம் இல்லாதது
- நேரம் ஆக ஆகக் கூடும் தலைவலி
- ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாந்தி
- எழுப்பினாலும் சரியாக எழாத தூக்கக் கலக்கம்
- வலிப்பு
- கை கால் பலவீனம், பேச்சுக் குளறல், பார்வை இரட்டையாகத் தெரிவது
- ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாக இருப்பது
- காது, மூக்கில் ரத்தமோ திரவமோ வடிவது. கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கறுத்துப்போவது
- வழக்கத்துக்கு மாறான குழப்பம், கோபம். குழந்தை என்றால் நிற்காத அழுகை, பால் குடிக்க மறுப்பது

முதல் வரியைத் திரும்பப் படியுங்கள். நம் ஓரிக்கை இளைஞருக்குச் சில நொடிகள் கண் இருட்டியது. அது ஒன்றே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம்.

எல்லோருக்கும் ஸ்கேன் தேவைப்படாது. அதை மருத்துவர் முடிவு செய்வார். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றையும் வைத்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடும் 'கிளாஸ்கோ கோமா ஸ்கேல்' 1974-லிருந்து உலகம் முழுக்கப் பயன்படுகிறது. 15 என்றால் முழுத் தெளிவு. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். மதிப்பெண் ஒரு முறை என்ன என்பதைவிட, இறங்குகிறதா என்பதே முக்கியம். அதனால்தான் சிலரை "கொஞ்ச நேரம் இங்கேயே இருங்க" என்று கண்காணிப்பில் வைக்கிறார்கள்.

செய்யக் கூடாதவை

விபத்தில் அடிபட்டவரை உட்கார வைத்து உலுக்காதீர்கள். கழுத்தெலும்பிலும் அடி இருக்கலாம். தலையும் கழுத்தும் நேராக இருக்கும்படி அசையாமல் வையுங்கள். மூச்சுக்குத் தடை இல்லாதபோது, ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிப்பதால் பலன் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

தலைவலிக்கு வீட்டில் கிடக்கும் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். அவை ரத்தக்கசிவைக் கூட்டலாம். குடித்துவிட்டு விழுந்தவர் அசையாமல் கிடந்தால் "போதையில தூங்குறான்" என்று விட்டுவிடாதீர்கள். போதையா, மூளையில் ரத்தக்கசிவா என்று பார்த்தே சொல்லிவிட முடியாது.

பணமும் போலீஸ் பயமும்

"கேஸ் ஆயிடும்", "செலவு எவ்ளோ ஆகுமோ?" இந்த இரண்டு தயக்கங்களுக்கும் சட்டத்திலும் திட்டத்திலும் பதில் இருக்கிறது.

2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று தொடங்கிய இந்தத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவமனைகளும் சேர்க்கப்பட்டுள்ளன. காப்பீட்டு அட்டை கையில் இல்லையே என்று யோசித்து நிற்க வேண்டாம். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சொல்கிறது. பெயர், விலாசம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

108-ல் பேசும்போது "தலையில அடி, நடுவுல நினைவு தப்புச்சு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டியிருந்தால், அந்தப் பயணத்துக்கும் நேரம் வேண்டும். வீட்டில் வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தக் கணக்கில்தான் கழிகிறது.

டேங்க் மேல் இருக்கும் ஹெல்மெட்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 50,029 பேர் ஹெல்மெட் அணியாதவர்கள். இவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். அதே ஆண்டில் அதிக விபத்துகள் பதிவான மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105.

ஹெல்மெட் அணிந்தால் தலைக்காய ஆபத்து சுமார் 69 சதவீதமும், உயிரிழக்கும் ஆபத்து சுமார் 42 சதவீதமும் குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு சொல்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், தாடைப் பட்டை மாட்டியிருக்க வேண்டும். பட்டை மாட்டாத ஹெல்மெட் விழும்போது முதலில் கழன்று ஓடும். சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் அம்மாவுக்கும் மனைவிக்கும், இருட்டில் தெரியாத ஒரு வேகத்தடையே போதும். அவர்களுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்குங்கள்.

"பக்கத்துலதானே போறோம்" என்பது லாம்பா சொன்ன "இன்னும் மூணு பந்துதானே" போலத்தான்.

ஓர் இரவு

ஓரிக்கை என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. சீடன் கணிகண்ணனை மன்னன் நாடு கடத்த, திருமழிசை ஆழ்வாரும் அவனோடு கிளம்பினார். திருவெஃகா பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். மூவரும் அன்று இரவு தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை'. அதுதான் ஓரிக்கை ஆனது என்பார்கள்.

தலையில் அடிபட்டவருக்கும் கேட்பது அதே ஓர் இரவுதான். மருத்துவர் பார்த்து "பயப்பட ஒன்றும் இல்லை" என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகும், முதல் 24 மணி நேரம் அவரைத் தனியாக விடாதீர்கள். அவர் தூங்கலாம். "தூங்கவே விடக் கூடாது" என்பது தவறான நம்பிக்கை. ஆனால் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். மருத்துவர் சொன்ன இடைவெளியில் எழுப்பி, "இன்னைக்கு என்ன கிழமை? நாம எங்க இருக்கோம்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் மறுபடி தூங்கட்டும். பதில் குளறினாலோ, எழுப்பவே முடியவில்லை என்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள்.

இனி வீட்டுக்கு வந்து யாராவது "ஒண்ணும் இல்ல, லேசான அடிதான்" என்று சொன்னால், இட்லிக்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "விழுந்தப்போ கண்ணு இருட்டிச்சா?"